ஐயமும் திரிபும்: புகையிலை வணிகம் ஆராய்ச்சியை எதிர்த்த வரலாறு



கண்டி மாநகரிலிருந்து கலஹா வழியாகச் செல்லும் மலைப்பாதையில் தெல்தோட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. அதனை அடுத்த லூல்கந்துரைத் தோட்டத்திலேதான், 1867ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். இலங்கைத் தேயிலையின் வரலாறு அந்தப் பத்தொன்பது ஏக்கரிலிருந்து விரிவதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவ்விலையைக் கொய்த கைகள், கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகள். அதே மலைநாட்டின் வாழ்வில் மற்றோர் இலைக்கும் இடமுண்டு. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள ஹங்குரன்கெத்தைச் சரிவுகளில் சிகரெட்டுக்குரிய வர்ஜீனியாப் புகையிலை நெடுங்காலம் பயிரிடப்பட்டு, சூளை வீடுகளில் உலர்த்தப்பெற்று, கம்பெனிக்கு விற்கப்பட்டு வந்தது. தோட்டத்து லயங்களிலோ, பாக்கும் சுண்ணாம்பும் புகையிலைத் துண்டும் சேர்ந்த ஒரு வாய் வெற்றிலை குளிருக்கும் களைப்புக்கும் மாற்றெனக் கொள்ளப்பட்டது.

இந்த இரண்டாம் இலை உயிருக்கு ஊறு செய்வது எவ்வாறு கண்டறியப்பட்டது, கண்டறிந்த பின்னும் அவ்வுண்மை அரை நூற்றாண்டுக் காலம் எவ்வாறு ஐயத்துக்குரியதாகவே வைக்கப்பட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அறிவுக்கு நேரும் குற்றங்களை நம் முன்னோர் ஐயம் என்றும் திரிபு என்றும் பிரித்துரைத்தனர். அந்தி மயங்கும் வேளையில், தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே முடிவு செய்வது திரிபு. ஐயம் கொள்வது இழிவன்று. அருகே சென்று பார்த்தால் அது நீங்கிவிடும். விஞ்ஞானம் வளர்வதும் ஐயத்தினாலேதான். ஆனால், கிடப்பது பாம்பே என்று தான் தெளிந்திருந்தும், வழியே வருவோரை நோக்கி, 'கயிறாகவும் இருக்கலாம். இன்னும் ஆராய வேண்டும்' என்று சொல்லிக்கொண்டிருப்பவனை என்னென்பது? அவனிடம் ஐயமுமில்லை, திரிபுமில்லை. பிறர் உள்ளத்தில் ஐயத்தை விளைத்து அதனால் பயன் கொள்ளும் நோக்கமே உண்டு. அத்தகைய செயல் ஒரு பெருந்தொழிலாகவே நடத்தப்பட்டதை வரலாறு காட்டுகின்றது.

புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வாயிலாகக் கீழ்த்திசைக்கு வந்தது. வந்த சில தலைமுறைகளுக்குள் அது தமிழர் வாழ்வில் ஒன்றிவிட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிச் சென்றது. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைத் தூதாக விடுத்து ஒரு பிரபந்தமே பாடினார். இவ்வளவு சிறப்புப் பெற்ற இலையின் தீமையை ஊன்றி நோக்கியவர்களுள் தமிழ்கூறும் நிலத்து வைத்தியசாலைகளில் பணிபுரிந்தவர்களும் உளர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் அடங்கிய நெய்யூரில், மிஷன் வைத்தியசாலையில் பணியாற்றிய ஓர் என்னும் வைத்தியர், வெற்றிலை மெல்லுவோருக்கு வாயில் வரும் புற்றுநோயைப் பற்றி 1933ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் வைத்திய இதழில் எழுதினார். 1955ஆம் ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த சங்வி, ராவ், கனோல்கர் ஆகிய மூவரும், புகையிலையைப் புகைத்தலுக்கும் மெல்லுதலுக்கும் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பிரித்தானிய வைத்திய இதழில் வெளியிட்டனர்.

இந்த ஆய்வுகளுக்கு எதிராகப் பெரும்போர் எதுவும் மூளவில்லை. மெல்லும் புகையிலையை விற்றவர்கள் பெரும்பாலும் சந்தை வியாபாரிகளும் சிறு கடைக்காரருமே. ஆராய்ச்சியின் கை, இயந்திரத்தில் கோடிக்கணக்காக உருவாகும் சிகரெட்டைத் தொட்டபோதுதான் போர் மூண்டது. அந்தப் போரைக் காண நாம் மேனாட்டுக்குச் செல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நுரையீரற் புற்றுநோய் வியக்கத்தக்க வேகத்தில் பெருகியது. வீதிகளில் இட்ட தாரோ, மோட்டார் வண்டிகளின் புகையோ அதற்குக் காரணமாகலாம் என்று பலர் கருதினர். ரிச்சர்ட் டொல் என்னும் ஆங்கில வைத்தியரும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணியவர். அவரும் புள்ளிவிவரப் பேராசிரியர் பிராட்போர்ட் ஹில்லும் இலண்டன் வைத்தியசாலைகளில் இருந்த நுரையீரற் புற்றுநோயாளரையும் பிற நோயாளரையும் தனித்தனியே விசாரித்து, அவர்தம் பழக்கங்களை ஒப்பிட்டனர். தாரும் மோட்டார்ப் புகையும் பின்வாங்கின, சிகரெட்டே முன்னின்றது. அம்முடிவு 1950ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்தது. ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே டொல் தமது சிகரெட்டைக் கைவிட்டார்.

அதே ஆண்டில் அமெரிக்காவிலும் ஏர்ன்ஸ்ட் வைண்டர் என்னும் வைத்திய மாணவரும், இவார்ட்ஸ் கிரஹம் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அதே முடிவை வெளியிட்டனர். மாணவரின் கருத்தை முதலில் நம்ப மறுத்தவர் கிரஹம். அவரே கடுமையாகப் புகைப்பவர். கணக்கு கண்முன் வந்து நின்றபோது அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார், புகைத்தலையும் நிறுத்தினார். எனினும் 1957ஆம் ஆண்டில் நுரையீரற் புற்றுநோயே அவர் உயிரைக் கொண்டது.

டொல்லும் ஹில்லும் தம் முடிவை அத்துடன் விட்டுவிடவில்லை. நோயுற்றவரைப் பின்னோக்கி விசாரிப்பதில் பிழை நேரலாம் என்பதை உணர்ந்து, 1951ஆம் ஆண்டில் பிரித்தானிய வைத்தியர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினர். ஏறத்தாழ 40,000 வைத்தியர்கள் தம் புகைத்தற் பழக்கத்தைக் குறித்துப் பதிலனுப்பினர். பின்னர் அவர்களுள் எவர் எந்நோயால் இறந்தார் என்பதை ஆண்டுதோறும் பதிவுசெய்தனர். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் அறிக்கை முந்திய முடிவை உறுதிசெய்தது. தன் முடிவையே சோதனைக்கு உட்படுத்தும் இத்தகைய ஐயம் ஆராய்ச்சியின் உயிர்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். 1953ஆம் ஆண்டின் இறுதியில், சிகரெட் புகையிலிருந்து திரட்டிய தாரைச் சுண்டெலிகளின் தோலில் பூசியபோது அவற்றுக்குப் புற்றுநோய் கண்டது என்ற செய்தி வெளியாயிற்று. சிகரெட் கம்பெனிகளின் பங்குவிலை சரிந்தது. டிசெம்பர் மாத நடுவில் அமெரிக்கப் பெருங்கம்பெனிகளின் தலைவர்கள் நியூயோர்க் நகரத்துப் பிளாசா ஹோட்டலில் கூடினர். சந்தையில் ஒருவரையொருவர் வெல்ல முயன்றவர்கள் அன்று ஒரே மேசையைச் சூழ்ந்து அமர்ந்தனர். ஜோன் ஹில் என்னும் விளம்பரத் துறை வல்லுநரின் நிறுவனம் அவர்களுக்கு ஆலோசனை வழங்கியது. ஆராய்ச்சியை வெளிப்படையாகப் பழிப்பது பயன்தராது. ஆராய்ச்சியின் பெயராலேயே ஆராய்ச்சியை எதிர்கொள்ள வேண்டும் என்பதே அந்த ஆலோசனையின் சாரம்.

அதன் பயனாக 1954ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி, அமெரிக்காவின் 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கையொன்று வெளிவந்தது. சிகரெட் புகைப்போருக்கு மனந்திறந்து கூறுவதாக அமைந்த அவ்வறிக்கை, மக்களின் உடல்நலமே பிற எதனினும் தமக்கு முதன்மையானது என்றது. தம் பொருள்கள் தீங்கற்றவை எனத் தாம் நம்புவதாகக் கூறியது. உண்மையைக் கண்டறியப் பொருளுதவி செய்வதாகவும் வாக்களித்தது. புகையிலைத் தொழில் ஆராய்ச்சிக் குழு என்றோர் அமைப்பும் தோன்றிற்று. அதன் விஞ்ஞானத் தலைவராக அமர்த்தப்பட்டவர், கிளாரன்ஸ் குக் லிட்டில் என்னும் பிறப்புரிமையியல் அறிஞர். மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவராகவும் புற்றுநோய்த் தடுப்புச் சங்கமொன்றின் நிருவாகியாகவும் முன்னர் விளங்கியவர். அவரது நன்மதிப்புக் குழுவுக்குக் கவசமாயிற்று.

குழு நல்கிய பணத்தில் உண்மையான ஆய்வுகளும் நடந்தன. ஆயினும் சிகரெட்டே காரணமா என்ற வினாவை நேர்முகமாகத் தீர்க்கும் ஆய்வைவிட, பரம்பரை, உடலமைப்பு முதலிய வேறு காரணங்களைத் தேடும் ஆய்வுகளே பெரிதும் ஆதரவு பெற்றன. புதிய சான்று வெளிவரும்போதெல்லாம், 'இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இன்னும் ஆராய்ச்சி வேண்டும்' என்ற பதிலே வந்தது. எந்தச் சான்று கிடைத்தால் நிரூபணமாகக் கொள்வர் என்பதை மட்டும் அவர்கள் சொன்னதில்லை.

இந்த இடத்தில், இந்தியப் புள்ளிவிவர அறிஞரும் ஆசானாகப் போற்றிய ஒருவரை நினைவுகூர வேண்டும். சேர் ரொனால்ட் பிஷர் புள்ளிவிவரவியலின் தந்தையருள் ஒருவர். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிவர நிலையத்துக்குப் பன்முறை வந்து தங்கியவர். புகைத்தலுக்கும் நோய்க்கும் தொடர்பிருப்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், புகைக்கத் தூண்டும் பிறவிக்கூறு ஒன்றே நோயையும் தரலாம். ஆகவே புகையே காரணமென்பது துணியத்தக்கதன்று என்று வாதிட்டார். பிரித்தானியப் புகையிலை உற்பத்தியாளரின் குழுவுக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார்.

பிஷரின் வினா தருக்கமுறைப்படி எழுந்த வினாவே. அதற்கு விடையும் தருக்கமுறைப்படியே வந்தது. 1959ஆம் ஆண்டில் ஜெரோம் கோர்ன்பீல்ட் என்பாரும் அவர்தம் தோழரும் பின்வருமாறு காட்டினர். சிகரெட் புகைப்போருக்கு நோய் ஒன்பது மடங்கு மிகுதியாக வருகின்றதென்று கொள்வோம். இதற்குப் புகை காரணமன்று, மறைந்துள்ள வேறொரு கூறே முழுக் காரணம் என்றால், அக்கூறு புகையாதாரிடம் உள்ளதைவிடப் புகைப்போரிடம் ஒன்பது மடங்கேனும் மிகுந்திருத்தல் வேண்டும். அத்துணைப் பெரிய வேறுபாடுடைய கூறு எங்கே? எவரும் காட்டினாரில்லை. அறிஞருலகைப் பொறுத்தவரை ஐயம் ஏறத்தாழ அங்கேயே நீங்கிற்று. ஆனால் பத்திரிகை விளம்பரங்களில் அது நீங்கவில்லை.

1962ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் கல்லூரி தன் அறிக்கையை வெளியிட்டது. 1964ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி, அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரி லூதர் டெரி வெளியிட்ட அறிக்கை அதனினும் பெரும் பரபரப்பை ஊட்டிற்று. அதனைத் தயாரித்த பத்து அறிஞரைத் தெரிவுசெய்கையில், வேண்டாதவரை நீக்கும் உரிமை புகையிலைத் தொழிலினருக்கும் அளிக்கப்பட்டிருந்தது. அவ்வாறு அவர்களும் இசைந்து அமைந்த குழுவே, 7,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பரிசீலித்து, ஆண்களிடையே நுரையீரற் புற்றுநோய்க்குச் சிகரெட் காரணமென்று முடிவு கூறியது. பங்குச் சந்தை கலங்காதிருக்க வேண்டுமென்று அறிக்கையைச் சனிக்கிழமையில் வெளியிட்டனர்.

அந்த நாளில் கம்பெனிகளின் உள்ளே இருந்த நினைவு யாது? பல ஆண்டுகள் கழிந்தபின் வெளியான அவர்களது கடிதங்களே அதற்குச் சான்று. பிறவுண் அன்ட் வில்லியம்சன் என்பது அந்நாளில் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பெனியின் கிளை. 1964ஆம் ஆண்டு அறிக்கை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னரே, 1963ஆம் ஆண்டு ஜூலையில், அதன் தலைமைச் சட்டத்தரணி அடிசன் யீமன், நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்றும், அதனை விற்பதே தம் வணிகம் என்றும் உள்ளறிக்கையில் எழுதியிருந்தார். 1969ஆம் ஆண்டில் அதே கம்பெனியின் மற்றோர் ஏடு, ஐயமே தாம் உற்பத்தி செய்யும் பொருள் என்றும், பொதுமக்கள் உள்ளத்தில் பதிந்துள்ள உண்மைகளோடு போட்டியிட அதுவே சிறந்த வழி என்றும் கூறுகின்றது. சிகரெட் என்று அது சொல்லவில்லை. ஐயம் என்று சொன்னது.

அக்காலத்திலேயே நம் பிராந்தியத்தோடு தொடர்புடைய வேறோர் அறிஞர் பணியாற்றி வந்தார். தக்கேஷி ஹிராயாமா என்னும் ஜப்பானியர், மத்திய ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காணப்பட்ட வாய், தொண்டைப் புற்றுநோய்களை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எழுதினார். புகையிலை மெல்லும் பழக்கத்தின் பங்கு அதில் விளக்கமாயிற்று. அவரே தம் நாட்டில், தாம் புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, கணவர் கடுமையாகப் புகைப்பவராயின் மனைவிக்கு நுரையீரற் புற்றுநோய் ஏறக்குறைய இருமடங்காவதை 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இம்முடிவு கம்பெனிகளை முன்னைய முடிவுகளினும் மிகுதியாக வருத்தியது. தன்னுயிரைத் தானே பணயம் வைப்பவன் உரிமையைப் பற்றிப் பேசலாம். ஒருவன் வாய்ப்புகையால் அடுப்படியில் நிற்பவள் இறப்பாளாயின், அந்தப் பேச்சுக்கு இடமேது? ஆகவே ஹிராயாமாவின் கணக்கில் பிழையுண்டு என்று நேதன் மான்ட்டல் என்னும் புள்ளிவிவர அறிஞர் கூறியதைக் கொண்டு பெரும் விளம்பரங்கள் வெளியிடப்பட்டன. அதே 1981ஆம் ஆண்டு ஜூலையில் கம்பெனியொன்றின் உட்குறிப்பு, புகையிலைத் தொழிலைச் சார்ந்த ஜெர்மன் விஞ்ஞானிகள் ஹிராயாமாவின் ஆய்வு சரியானது என்றே கருதுவதாகத் தெரிவிக்கின்றது. உள்ளே ஒரு குரலும் வெளியே ஒரு குரலுமாக இருந்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகளின் தலைவர் எழுவர் பாராளுமன்றக் குழுவின்முன் வலக்கை உயர்த்திச் சத்தியம் செய்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்துவதன்று என்பது தம் நம்பிக்கை என்றனர். அடுத்த மாதமே, பெயர் கூறாத ஒருவர் அனுப்பிய பெட்டியொன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸ் என்பாரின் கைக்கு வந்தது. யீமன் எழுதிய குறிப்பு உட்பட ஏறத்தாழ 4,000 பக்கங்கள் அதில் இருந்தன. 1998ஆம் ஆண்டு நவம்பரில் கம்பெனிகள் அமெரிக்க மாநிலங்கள் 46 உடன் உடன்படிக்கை செய்து, பெருந்தொகை செலுத்தவும், உள் ஏடுகளை உலகறியத் திறக்கவும், தம் ஆராய்ச்சிச் சபையைக் கலைக்கவும் இசைந்தன. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் திகதி நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இக்கம்பெனிகள் ஐம்பது ஆண்டுகளாகக் கூடிச் சதிசெய்து பொதுமக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தார். இலட்சக்கணக்கான மரணங்களுக்குப் பின்னரே அத்தீர்ப்பு வந்தது.

இலங்கைக்கு வருவோம். இந்நாட்டில் 1932ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிலோன் டொபாக்கோ கம்பெனியின் பங்குகளிற் பெரும்பகுதி பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிக்கு உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை 2003ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையை நிறுவி, விளம்பரங்களையும் தடைசெய்தது. 2012ஆம் ஆண்டில் அன்றைய சுகாதார அமைச்சர் மைத்திரிபால சிறிசேன, சிகரெட் பெட்டியின் பரப்பில் நூற்றுக்கு 80 வீதத்தில் நோயின் படங்களுடன் எச்சரிக்கை பொறிக்கப்படல் வேண்டுமென ஒழுங்குவிதி பிறப்பித்தார். கம்பெனி நீதிமன்றத்தை நாடியது. வழக்காடுதல் எவர்க்கும் உரிய உரிமையே. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் எச்சரிக்கையின் அளவை 50 முதல் 60 வீதமாக வகுத்தது. 2015ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 வீதத்தை மீண்டும் நிலைநாட்டியது. அவ்வாண்டு ஜூன் முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

இவ்வழக்கில் ஒன்றைக் கவனித்தல் தகும். 1954ஆம் ஆண்டில் நிகழ்ந்த வாதம், சிகரெட் தீங்கானதா என்பது. 2012ஆம் ஆண்டில் நிகழ்ந்த வாதம், அத்தீங்கைச் சொல்வதற்குப் பெட்டியில் எத்தனை அங்குலம் இடம் என்பது. உண்மை வென்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் அது மக்களைச் சென்றடையும் வழியிலே காலத்தாழ்ப்பு மட்டும் எஞ்சியிருந்தது. ஒழுங்குவிதி பிறந்ததற்கும் அது செயற்பட்டதற்கும் இடையில் மூன்று ஆண்டுகள் கடந்தன. அந்த மூன்று ஆண்டுகளிற் புதிதாகப் புகைக்கத் தொடங்கிய இளைஞர்க்கு 80 வீதப் பரப்பிலான அந்த எச்சரிக்கை எட்டவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? விஞ்ஞானத்தை வினவவே கூடாதென்பது அன்று. வினவுவோரை அறிந்துகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. வினவுபவர், எவ்விடை கிடைத்தால் அமைவேன் என்று முன்னரே கூறுகின்றாரா? தமக்கு மாறான விடை வந்தால் கிரஹம் போல ஏற்றுக்கொள்கின்றாரா, அன்றி வேறொரு வினாவைத் தேடி ஓடுகின்றாரா? தம் வீட்டுக்குள்ளும் வீதியிலும் ஒரே சொல்லையே சொல்கின்றாரா? இம்மூன்றையும் கேட்டறிந்தால், நேர்மையான ஐயத்துக்கும் விலைக்கு விற்கும் ஐயத்துக்கும் உள்ள வேற்றுமை புலப்படும். இன்று வேறு பொருள்களைக் குறித்தும் இத்தகைய பேச்சுகள் எழுகின்றன. அங்கும் இவ்வளவுகோல் பயன்படும்.

நம் மலைநாட்டைப் பொறுத்தவரை இன்னுமொரு குறை உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றுநோயையும் அதற்கு முந்திய நிலைகளையும் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர். வெற்றிலையோடு புகையிலை மெல்லுதல் வாய்ப்புற்றுநோய் விளைக்கும் என்பதும், புகையிலை சேராத பாக்குங்கூடத் தீங்கற்றதன்று என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் முடிந்த முடிவாகக் கூறியவை. சிகரெட் பெட்டியில் 80 வீதத்தில் எச்சரிக்கை உண்டு. கடையில் நறுக்கி விற்கும் புகையிலைத் துண்டுக்கோ பெட்டியில்லை, ஆகவே எச்சரிக்கையுமில்லை. எழுத்தறியாத ஒரு தாய்க்கு அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவளுடைய பிள்ளைகளும் தோட்டத்து வைத்திய உத்தியோகத்தருமே.

வாயில் வெண்மையாகவோ சிவப்பாகவோ ஆறாத தடிப்பு, இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வாயை அகலத் திறக்க இயலாமை என்பவற்றுள் எது தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஆரம்பத்திலே கண்டால் வாய்ப்புற்றுநோய் குணப்படுத்தத்தக்கது. தெல்தோட்டை மலைகளில் கொழுந்து பறிப்போருக்கும் இச்செய்தி எட்ட வேண்டும்.